கூட்டக் குறிப்பில் ஒரு கிற்றார்

எங்கள் கமக்காரர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மாசி மாதப் பக்கத்தில், ஒரு வரி இரண்டு தடவை வெட்டப்பட்டு மூன்றாம் தடவை எழுதப்பட்டிருக்கிறது. வெட்டியதும் நான், எழுதியதும் நான். செயலாளர் என்றால் வேறென்ன வேலை? எந்த வாய்க்கால் உடைந்தது, பசளை எத்தனை மூடை வந்தது என்பதிலெல்லாம் ஒருநாளும் வெட்டுக்கொத்து வந்ததில்லை. இந்த வரியில்தான் வந்தது. கேள்வி சின்னது: நெற்களஞ்சியத் திறப்பு விழாவில் தில்லைநாதன் கிற்றார் வாசித்தாரா, இல்லையா? எழுபது பேர் முன்னுக்கு இருந்து பார்த்தோம். பார்த்த பிறகும் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

தில்லைநாதன் மாங்குளத்தில் லாண்ட்மாஸ்டர் திருத்துகிறவர். எங்கள் பக்கத்தில் ஓடுகிற கை உழவு இயந்திரங்களில் பாதி அவர் கையால் உயிர் பிழைத்தவை. அந்தக் கைதான் எழுபத்தாறில் வவுனியாவில் 'நீல வண்டுகள்' என்ற பொப் குழுவில் கிற்றார் வாசித்த கை என்று அவர் சொல்லுவார். இருபது வருஷமாகச் சொல்லுகிறார். நீல வண்டுகளில் ஒரு வண்டு செத்துப்போனது, இரண்டு வண்டு ஜேர்மனியில், ஒன்று எங்கே என்று தெரியாது. கிற்றார் தொண்ணூற்றேழு இடம்பெயர்வில் போனது. மிஞ்சிய ஒரேயொரு படத்தைக் கறையான் தின்றுவிட்டது. இவ்வளவு ஒழுங்காகச் சாட்சிகள் அழிந்தால் சனம் என்ன நினைக்கும்? எங்கள் சங்கத் தலைவர் நல்லதம்பியர் அவரை வண்டு என்றுதான் கூப்பிடுவார். "வண்டு, என்ர மெசினுக்கு என்ன நடந்தது?" என்பார். தில்லைநாதன் ஸ்பானரைத் தேடுவார்.

தை மாதக் கடைசியில் தில்லைநாதனின் மனைவி ஞானேஸ்வரியின் தம்பி சிற்றம்பலம் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தார். ஒரு கிற்றாரும், பிஸ்கற் பெட்டி அளவில் மினுங்குகிற ஒரு இலத்திரன் பெட்டியும் கொண்டு வந்தார். அத்தானின் கதையை அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் தன்னுடைய பெட்டியை ஊருக்குக் காட்ட ஆசைப்பட்டார். "திறப்பு விழாவில அத்தான் வாசிக்கட்டும், நான் சவுண்ட் பாக்கிறன்" என்றார். நிர்வாக சபை அனுமதித்தது. நல்லதம்பியர்தான் முதல் கை தூக்கினார். வண்டு மேடையில் விழுவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு விருப்பம்.

விழா ஞாயிறு. திங்கள் காலை சிற்றம்பலம் கொழும்புக்குப் போகிறார், பெட்டியும் கிற்றாரும் அவரோடு போகும். ஆகவே தில்லைநாதனுக்கு இருந்தது ஒரு பின்னேரம்தான். இருபது வருஷக் கதை உண்மையா புழுகா என்று அந்தப் பின்னேரம் தீர்ந்துவிடும். அவர் வியாழக்கிழமையே கடையைப் பூட்டி, மண்ணெண்ணெயிலும் சவர்க்காரத்திலும் விரல்களை ஊறப்போட்டு, உள்ளே இருந்து பழகத் தொடங்கினார். அந்தக் கிற்றார் வெறும் பலகை. வயர் பூட்டாவிட்டால், கதவில் காது வைத்தாலும் சீப்பைத் தட்டுகிற சத்தம்தான் வரும்.

பூட்டுகிற விஷயத்தில்தான் எனக்கு மூளை குழம்பத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை சிற்றம்பலமும் நானும் பெட்டியையும் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு சரீபின் கடைக்குப் போனோம். சரீப் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர், ஊரில் பலருக்கு 'நானா', அதாவது அண்ணன். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு இருந்ததெல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் போக வேண்டிவந்து, சமாதானத்தில் பாதை திறந்ததும் திரும்பி வந்து முதலில் வாங்கியது இரண்டு குழாய் ஸ்பீக்கர். அவருக்குச் சத்தம் என்பது கட்டைக் கணக்கு, அதாவது மைல் கணக்கு. ஒரு கட்டைக்குக் கேட்டால் சுமார், இரண்டு கட்டைக்குக் கேட்டால் நல்லது. காற்று ஒத்துழைத்தால் தன்னுடைய குழாய் கனகராயன்குளத்தில் கேட்கும் என்பார். கனகராயன்குளத்தாரை நான் விசாரித்ததில்லை.

சிற்றம்பலம் பெட்டியை மேசையில் வைத்து, மேடையில் நிற்பது போலத் தொண்டையைச் செருமினார்.

"இதுக்குள்ள முப்பத்திரண்டு அம்பிளிபயர் இருக்கு."

"இந்தப் பிஸ்கற் பெட்டிக்குள்ளயோ?" என்றார் சரீப். "அப்ப எனக்கு ரெண்டைக் கழட்டித் தாங்கோ."

"கழட்ட ஏலாது. உண்மையான அம்பிளிபயர் இல்லை. அதுகளின்ர குரல் மட்டும்தான் உள்ளுக்கு இருக்கு."

"அப்ப தானாச் சத்தம் போடாது?"

"போடாது."

"முப்பத்திரண்டும்?"

"முப்பத்திரண்டும்."

சரீப் என்னைப் பார்த்தார். "எங்கட நிர்வாக சபையில பதினொண்டு" என்றேன் நான்.

முதலில் குழாயில் பூட்டினோம். சிற்றம்பலம் தனக்குத் தெரிந்த மூன்று சுரத்தைத் தட்டினார். தகரப்பேணிக்குள் மாட்டுப்பட்ட நுளம்பு போல இருந்தது. பிறகு சரீபின் மரப்பெட்டி ஸ்பீக்கரில் பூட்டினோம். அது குளத்துக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி. சிற்றம்பலம் இரண்டு காதையும் பொத்தினார்.

"இதுகளெல்லாம் சத்தத்தைத் தங்கட பாட்டுக்கு வெட்டுது, ஒட்டுது. கிற்றார் ஸ்பீக்கர் எப்பிடி வெட்டும் எண்டதை என்ர பெட்டி முதலே செய்துபோடும். பிறகு ஸ்பீக்கரும் வெட்டினால் இரண்டு தரம் வெட்டினதாப் போகும். அடிச் சத்தத்திலயிருந்து உச்சிச் சத்தம் மட்டும், குடுத்ததை அப்பிடியே திருப்பிக் குடுக்கிற ஸ்பீக்கர் வேணும். தனக்கெண்டு ஒரு குணமும் இருக்கக் கூடாது. புல் ரேஞ்ச் எண்டு சொல்லுறது. அம்பிளிபயரும் அதுக்குள்ளேயே இருக்கவேணும்."

"குணமில்லாத சாமானை ஏன் காசு குடுத்து வாங்கிறியள்?" என்று சரீப் கேட்டார்.

"அதுதான் நானா, அதின்ர குணம்."

"அது கிடக்கட்டும். எத்தினை கட்டைக்குக் கேக்கும்?"

சிற்றம்பலம் அதற்குப் பதில் சொல்லவில்லை. கனடாவில் அப்படி ஒருவரும் கேட்பதில்லையாம். அந்த இடத்தில் அவர் நின்று பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை.

சனிக்கிழமை அந்த ஸ்பீக்கர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. சிற்றம்பலத்தின் சிநேகிதர் ஒருவரின் சாமான், திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும். ஓமந்தையில் ஆமி இறக்கிப் பார்த்ததாம், புளியங்குளத்தில் இயக்கமும் இறக்கிப் பார்த்ததாம். "ஸ்பீக்கர் எண்டால் உள்ளுக்கு ஏன் அம்பிளிபயர், அம்பிளிபயர் எண்டால் முன்னுக்கு ஏன் ஸ்பீக்கர்?" என்று இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி. சமாதான காலத்தில் இரண்டு தரப்பும் முழுமையாக ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கறுத்த, கனத்த பெட்டி. சரீப் வந்த வேகத்தில் தன்னுடைய பெரிய அம்பிளிபயரிலிருந்து வயரை இழுத்து அதில் செருகப் போனார். சிற்றம்பலம் பாய்ந்து பிடித்தார்.

"எரிஞ்சுபோம்! உள்ளுக்கு இருக்கு எண்டு சொன்னனான் எல்லோ!"

"உள்ளுக்கு இருந்தாலென்ன? வெளியாலயும் ஒண்டு குடுத்தாக் கூடக் கேக்கும்."

நேராகப் பூட்டிச் சிற்றம்பலம் அதே மூன்று சுரத்தைத் தட்டினார். நான் சங்கீதம் தெரிந்தவன் இல்லை. ஆனால் மணி தட்டின மாதிரி, தண்ணீர் ஊற்றின மாதிரி, கடைக்குள்ளே ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நின்றது. சரீப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அருமையான சாமான்" என்றார். "இதை நல்ல இடத்தில வைக்கவேணும்."

எங்கள் ஒருத்தருக்கும் அது பயங்கரமான வசனம் என்று விளங்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு விழா. புதுக் களஞ்சியத்துக்குள் கதிரைகள், தகரக் கூரை, சுவரோடு ஒட்டி வெளியே ஜெனரேற்றர். தில்லைநாதன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார். ஞானேஸ்வரி வரவில்லை.

"மாடு கண்டு போடப்போகுதாம்" என்றார் என்னிடம். "இண்டைக்கெண்டு பாத்துத்தான் அதுக்கும் நாள் வந்திருக்கு."

பெட்டி மேடையில் மேசைமேல் இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் யன்னலால் வெளியே போனது.

"சரீப், ஸ்பீக்கர் எங்க?" என்று தில்லைநாதன் கேட்டார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. உங்களுக்கெண்டு விசேஷமா வச்சிருக்கிறன்."

பார்க்கவேண்டிய சிற்றம்பலமோ பார்க்கக்கூடிய நிலையில் இல்லை. மாலையும் பொன்னாடையும் போட்டு மேடையில் நடுவில் இருத்தியிருந்தார்கள். பிறகு அவரைப் பேசச் சொன்னார்கள். 'ஒலியும் நவீன உலகும்' என்று முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். நல்லதம்பியர் அதற்குக் குறையக் கூடாது என்று 'நெல்லும் தமிழர் வாழ்வும்' என்று ஐம்பது நிமிஷம் பேசினார். குழாய் இரண்டும் வெளியே இருந்தன. உள்ளே எங்களுக்கு வெறும் தொண்டையே போதும், போதாததற்கு மேலே தகரக் கூரை.

கடைசியில் தில்லைநாதன் எழுந்தார். கிற்றாரைக் கழுத்தில் மாட்டினார். கண்ணை மூடினார். கையை வீசினார்.

ஒன்றும் வரவில்லை.

ஜெனரேற்றர் கடகடத்தது. ஒரு குழந்தை இருமியது. அவருடைய விரல்கள் மேலேயும் கீழேயும் ஓடின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஏதோ அவசரமாகச் சொல்லுகிற மாதிரி இருந்தது. அவர் கண்ணைத் திறந்து யன்னலடியில் இருந்த சரீபைப் பார்த்து, இன்னும் கூட்டு என்று நாடியை உயர்த்தினார். சரீப் பெருவிரலைக் காட்டிவிட்டு எதையோ திருகினார். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் நாடி. திரும்பவும் பெருவிரல். சிற்றம்பலம் மாலையோடு குனிந்து பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. "போகுது, போகுது" என்றார். எங்கே போகுது என்று அவருக்கும் தெரியவில்லை.

தில்லைநாதன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். ஓரிடத்தில் அவருடைய இடக்கை மேலே ஏறி, திடீரென்று நின்றது. நாக்கைக் கடித்தார். கை பின்னுக்கு வழுக்கி, மறுபடி அதே வழியால் ஏறியது.

எனக்குப் பக்கத்தில் இருந்த நல்லதம்பியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாத்தீரே செயலாளர்? நடிக்கிறதைக்கூட ஒழுங்கா நடிக்கத் தெரியேல்ல. வண்டு பிழை விடுது!" அதைச் சொன்ன சத்தம் நாலு வரிசைக்குக் கேட்டது. நாலு வரிசையும் சிரித்தது.

எட்டு நிமிஷம். கைதட்டல் வந்தது, செத்த வீட்டில் கதவு சாத்துகிற மாதிரி ஒரு கைதட்டல். தில்லைநாதன் கிற்றாரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வடையையும் தேத்தண்ணியையும் தொடாமல் நடந்து போனார்.

சரீப் வியர்த்து விறுவிறுத்து, முகம் முழுக்கச் சிரிப்போடு உள்ளே வந்தார். "எப்பிடி? சைக்கிளில ஆளை விட்டுப் பாத்தனான். துணுக்காய் றோட்டில ஒண்டரைக் கட்டைக்கு அங்கால, ஒவ்வொரு கம்பியும் தெளிவாக் கேக்குதாம்!"

எல்லோரும் வெளியே ஓடினோம். றோட்டோரம் நூறு யார் தூரம் தள்ளி நிற்கிற பாலை மரத்தில், கொப்புக்கு நடுவில் கட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணுக்காய்ப் பக்கம் பார்த்தபடி அந்தக் குணமில்லாத ஸ்பீக்கர் இருந்தது.

"மரத்தில கட்டுறதே?" சிற்றம்பலத்துக்குக் குரல் உடைந்துவிட்டது. "உள்ளுக்கு இருக்கிற சனத்துக்கு எல்லோ வைக்கவேணும்!"

சரீப் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "உள்ளுக்கு இருக்கிறவைக்கு ஸ்பீக்கர் எதுக்குத் தம்பி? அவைதான் வந்திட்டினமே. வராத ஆக்களுக்குத்தானே ஸ்பீக்கர்."

நான் யோசித்துப் பார்த்தேன். பிழை பிடிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் தவிலும் நாதஸ்வரமும் தலைவர்களும் தங்கள் சத்தத்தைத் தாங்களே கொண்டு வருவார்கள். தனக்கென்று தொண்டை இல்லாத ஒரு வாத்தியம் மாங்குளத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பேச்சாளர்களில் அப்படிச் சிலர் வந்தால் நல்லது.

திங்கள் காலை சிற்றம்பலம் போனார், கிற்றார் போனது, முப்பத்திரண்டு அம்பிளிபயரும் போயின. புதன்கிழமை சுப்பம்மா சரீபின் கடைக்கு வந்தா. மலையகத்திலிருந்து வந்து துணுக்காய் றோட்டில் நிலக்கடலை செய்கிற பெண். நானும் அங்கே நின்றேன்.

"நானா, ஞாயித்துக்கெழம ஒரு பாட்டுப் போட்டீங்களே, வார்த்தையே இல்லாம, கம்பி மட்டும் பேசுச்சே. அந்தக் கசெட்ட ஒருக்கா குடுங்க. மக கேக்குறா."

"அது கசெட் இல்லைப் பிள்ளை. தில்லைநாதன் அண்ணை வாசிச்சது."

"யாரு, மெசின் பாக்குறவரா?" சுப்பம்மா சிரித்தா. "வெளையாடாதீங்க நானா. குடுக்க மனசில்லன்னா சொல்லிப்புடுங்க."

இந்தக் கதை நல்லதம்பியரின் காதுக்குப் போகாமல் இருக்குமா? சனிக்கிழமை சங்கப் பொதுக்கூட்டத்தில் நான் குறிப்பை வாசித்தேன்: "திரு. தில்லைநாதன் கிற்றார் வாசித்தார்." நல்லதம்பியர் கையை உயர்த்தினார்.

"ஆட்சேபணை. பொய்யான தகவல் சங்கத்தின் ஏட்டில் இடம்பெறலாகாது. மரத்தில் ஒலித்தது ஒலிநாடா என்று ஒரு பெண்ணே சாட்சி சொல்லியிருக்கிறாள். சரீபிடம் ஒலிநாடா இருக்கிறது. சரீபின் லாண்ட்மாஸ்டரைத் திருத்துவது யார்? தில்லைநாதன். மிச்சத்தைச் சபையின் அறிவுக்கு விடுகிறேன்."

சபையின் அறிவு தலையை ஆட்டியது. சரீப் சத்தியம் செய்வார், ஆனால் அவர் அங்கே இல்லை. நான் அந்த வரியை வெட்டிவிட்டு எழுதினேன்: "திரு. தில்லைநாதன் கிற்றாருடன் மேடையில் காணப்பட்டார்." ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு கேவலமாக நான் எழுதியதில்லை. எனக்கே எது உண்மை என்று தெரியாத நிலையில் வேறென்ன எழுதுவது?

அப்போது பின்வரிசையில் ஞானேஸ்வரி எழுந்தா. வயல் அவாவின் பேரில் இருப்பதால் சங்கத்தில் உறுப்பினர் அவாதான். மூன்று வருஷத்தில் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

"எனக்கு ஒரு கதை சொல்லக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை மாடு கண்டு போடேல்ல. அது பொய். வந்து இருந்து, சனம் சிரிக்கிறதைப் பாக்க ஏலாதெண்டுதான் வேலியடியில நிண்டனான்."

"அம்மா, நாங்கள் இப்போது மாட்டைப் பற்றிப் பேசவில்லை" என்றார் நல்லதம்பியர்.

"நானும் மாட்டைப் பற்றிக் கதைக்கேல்ல. பொறுங்கோ. பாலை மரத்துப் பக்கமிருந்து அந்தப் பாட்டுக் கேட்டுது. எனக்கு அந்தப் பாட்டுத் தெரியும். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து, மெசினுக்குக் கீழ கிடந்து மூக்கால பாடுற பாட்டு. நடுவில ஒரு ஏத்தம் வரும். ஒருநாளும் ஒரேயடியா ஏறினதில்ல. அரைவாசியில நிண்டு, பின்னுக்கு வந்துதான் திரும்ப ஏறுவார். எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன், உதை விட்டிட்டு வேற பாட்டொண்டு பாடுங்கோவன் எண்டு." அவா மூச்சு வாங்கினா. "ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஏத்தத்தில நிண்டுது. பின்னுக்கு வந்துது. திரும்ப ஏறிச்சுது. கசெட் பிழை விடுமே, தலைவர்?"

எனக்கு நாக்கைக் கடித்த அந்த முகமும், பின்னுக்கு வழுக்கிய அந்தக் கையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் மெல்லத் திரும்பினேன்.

"தலைவர், அந்த இடத்தில 'வண்டு பிழை விடுது' எண்டு சொன்னது நீங்கள்தானே?"

விழாவில் நாலாம் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், "ஓம், எனக்கும் கேட்டது" என்றார். நல்லதம்பியருக்கு ஜெனரேற்றரையும் வெல்லுகிற குரல் இருந்தது அன்றைக்கு உதவி செய்யவில்லை. நாங்கள் பிழையைக் கண்ணால் பார்த்தோம், அவா அதே பிழையைக் காதால் கேட்டிருக்கிறா. இரண்டையும் ஒட்டினால்தான் ஒரு முழு வாசிப்பு வருகிறது.

நல்லதம்பியர் சால்வையைச் சரிசெய்தார். "நல்லது. உண்மை எதுவோ அதைச் சங்கம் ஏற்கும். ஆனால் உண்மை முழுமையாகப் பதியப்படவேண்டும். பிழை விட்டதும் எழுதப்பட வேண்டும்."

எழுதினேன். அதுதான் மூன்றாவது வரி: "திரு. தில்லைநாதன் கிற்றார் வாசித்தார் என்பதும், நடுவில் பிழை விட்டார் என்பதும் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டன."

பின்னேரம் அதைப் பிரதியெடுத்து, சங்க முத்திரை குத்தி, தில்லைநாதனின் கடைக்குக் கொண்டு போனேன். கடை ஒரு கிழமைக்குப் பிறகு திறந்திருந்தது. அவர் சுப்பம்மாவின் மெசினுக்குக் கீழே கிடந்தார். வெளியே வந்து, எண்ணெய் பிரளாதபடி கடுதாசியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வாசித்தார். பிறகு இன்னொருதரம் வாசித்தார். முத்திரையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இதில ஒரு பிழை கிடக்கு" என்றார்.

"என்ன பிழை?"

"நடுவில எண்டு எழுதியிருக்கிறியள். நடுவில இல்லை. அது கடைசிக்குக் கிட்ட. முன்னுக்கு இருந்து பாத்த தலைவருக்கும் விளங்கேல்ல, வேலியடியில நிண்டவாவுக்கும் கணக்குத் தெரியேல்ல. திருத்தி எழுதுங்கோ."

நாலாம் தடவை எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கடுதாசியைச் சுவரில் கறையானுக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டு, மெசினுக்குக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து மூக்கால் ஒரு முனகல் கேட்டது. ஏற்றம் எங்கே வருகிறது, நடுவிலா கடைசியிலா என்று காது கொடுத்துக் கேட்டேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.